வெர்னா சொன்ன எடை

"வெர்னா ஹௌக்ஸ்டட்: எங்கள் ஹோண்டுராஸ் ஊழியக் குழுவின் கனிந்த இதயம். பன்னிரண்டு ஆண்டுகளாக வெப்பநாட்டு மழையில் ஏழைகளோடு தோள் சேர்த்து உழைப்பவர். பொறுமையே உருவானவர். புன்னகை மாறாதவர். தனக்கென எதையும் கேட்காதவர்."

ஏப்ரல் மாதத்து இரண்டாம் ஞாயிறு, வெஸ்ட்பி ஊர்த் தேவாலயத்தின் அறிவிப்புத் தாளில் இது அச்சாகி வந்தது. எழுதியவள் தேவாலய அலுவலகத்தைப் பார்த்துக்கொள்ளும் மார்லிஸ். முந்தின ஆண்டு வேறொரு பெண்மணிக்கு எழுதியதை எடுத்துப் பெயரையும் ஊழியத்தையும் மட்டும் மாற்றியிருந்தாள். அந்தப் பெண்மணி இதற்குள் இறந்துபோயிருந்ததால் ஆட்சேபம் எதுவும் வரவில்லை. வெர்னா புன்னகைத்ததை ஊரில் யாரும் பார்த்ததில்லை. பொறுமையை அவள் மற்றவர்களிடம் இருக்கவேண்டிய குணமாக வைத்திருந்தாள். வெப்பநாட்டு மழையைப் பொறுத்தவரை, அவள் மினசோட்டாவின் எல்லையைத் தாண்டியதே இரண்டு முறை. இரண்டும் பக்கத்து மாநிலத்துக்கு, பல் பிடுங்க. அந்தக் குறிப்பில் உண்மையாக இருந்தது கடைசி வரி ஒன்றுதான். தனக்கென அவள் எதையும் கேட்டதில்லை. பின்னால் நடந்த கெடுதல் முழுக்க அந்த நற்குணத்திலிருந்து முளைத்தது.

ஊர் ஓரத்துத் தானியக் கிடங்கில் முப்பத்தேழு ஆண்டு எடை பார்த்தவள் வெர்னா. மக்காச்சோளம் ஏற்றிய லாரி மேடையில் ஏறி நிற்கும். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து அவள் ஓர் எண்ணைச் சொல்வாள். விவசாயி தலையாட்டிவிட்டுப் போவார். ஒருவர்கூட எட்டிப் பார்த்ததில்லை. அந்த ஊரில் கணவனைச் சந்தேகப்பட்டவர்கள் உண்டு, கடவுளைச் சந்தேகப்பட்டவர்கள்கூட இரண்டு பேர் உண்டு. வெர்னா சொன்ன எடையைச் சந்தேகப்பட்டவர் கிடையாது.

அவள் ஓய்வு பெற்ற வருஷம்தான் டெக்சாஸிலிருந்து பாஸ்டர் டாட் வந்து சேர்ந்தார். வந்ததும் ஹோண்டுராஸில் ஒரு மலைக்கிராமத்தைத் தத்தெடுத்து, வருஷம் ஒருமுறை பதினாலு பேரை அழைத்துப் போவதாக அறிவித்தார். போவது ஜூன் கடைசியில். அங்கே அது அடைமழைக் காலம். ஆனால் வெஸ்ட்பியில் விதைப்பு முடிந்து அறுப்பு தொடங்காத இடைவெளி அது ஒன்றுதான் என்பதால், ஹோண்டுராஸ் ஏழைகளுக்கு உதவி எப்போதும் மழையோடு சேர்ந்தே போய்க்கொண்டிருந்தது.

"நீங்களும் வாங்களேன், வெர்னா" என்றார் பாஸ்டர் அந்த முதல் வருஷம்.

"நான் எதுக்கு, இடைஞ்சலா" என்றாள் வெர்னா.

வெஸ்ட்பிக்காரர் யாராக இருந்தாலும் இதைப் பதிலாக எடுத்துக்கொள்ள மாட்டார். தட்டில் கிடக்கும் கடைசி எலுமிச்சை கேக் துண்டை எடுத்துக்கொள்ளச் சொன்னால், முதல் முறை வேண்டாம் என்பது வணக்கம் சொல்வது மாதிரி. இரண்டாம் முறை, வேறு யாராவது சாப்பிடட்டும் என்பது வளர்ப்பு. மூன்றாம் முறை கேட்ட பிறகு சொல்வதுதான் பதில். பாஸ்டர் டாட் டெக்சாஸ்காரர். அங்கே வேண்டாம் என்றால் வேண்டாம். அவர் தாளில் வெர்னாவின் பெயரை அடித்துவிட்டு, கீழே 'மூட்டை கட்டுதல்' என்பதற்கு எதிரே எழுதிக்கொண்டார். அடுத்தடுத்த வருஷங்களிலும் அதே மாதிரி ஒரு தடவை கேட்டார், அவள் ஒரு தடவை மறுத்தாள், அவர் நன்றி சொன்னார். கேட்காத வருஷமே இல்லை என்று அவர் மனைவியிடம் பெருமையாகச் சொல்வதுண்டு.

டெலோரஸ் கேட்டிருக்கலாம். டெல் என்று கூப்பிடுவார்கள். ஒன்றாம் வகுப்பிலிருந்து வெர்னாவின் பக்கத்து இருக்கை. வளர்ந்த பிறகு இரண்டு வீடு தள்ளி. டெல் பத்து முறை ஹோண்டுராஸ் போய் வந்தவள். ஆறாம் பயணத்துக்கு முன்னால் டெல் தன் சமையலறையில் வைத்து, "நீயும் வாயேன்டி" என்றாள். வெர்னா மறுத்தாள். "ஏன், வந்தா என்ன?" என்றாள் டெல். வெர்னா முறைப்படி இரண்டாம் தடவையும் மறுத்தாள். அப்போது தொலைபேசி அடித்தது. டெல் எழுந்து போய்ப் பேசிவிட்டு, யாரோ ஒருவர் வயலில் ஆலங்கட்டி மழை கொட்டிய கதையோடு திரும்பி வந்தாள். மூன்றாம் கேள்வி அந்த ஆலங்கட்டிக்கு அடியில் புதைந்து போனது. டெல் அதை அன்றைக்கே மறந்தாள். வெர்னா ஐந்து வருஷமாக மறக்கவில்லை.

இப்படியாக, போகாத ஊரின் மழைக்கு மூட்டை கட்டுவதில் அவள் கரைகண்டவள் ஆனாள். போய் வந்தவர்கள் தேவாலயத்தின் கித்தான் பைகளை ஜூலை மாதம் அடித்தளக் கூடத்தில் போட்டுவிட்டுப் போவார்கள். வெர்னா ஒவ்வொன்றாகத் திறப்பாள். அந்த நாட்டை அவள் மூக்கால் அறிந்தாள். தோலில் செய்த பொருள் மூன்று நாளில் பச்சை ரோமம் விடும். பருத்தி காயாது. ஜீன்ஸ் ஒருமுறை நனைந்தால் ஊருக்குத் திரும்பும்வரை நனைந்தே இருக்கும். உறைக்குள் இருக்கும் மாத்திரை மாவாகும். எதில் எந்த நாற்றம் வந்தது என்று குறிப்பேட்டில் எழுதி, அடுத்த வருஷத்துப் பட்டியலைத் திருத்துவாள். பூனை கழிப்பதற்காகக் கடையில் விற்கும் உலர்மண் ஈரத்தை இழுக்கும் என்று கண்டுபிடித்து, பழைய காலுறையில் அதை நிரப்பி வாயைக் கட்டி ஒவ்வொரு பைக்குள்ளும் ஒன்று போட்டவளும் அவள்தான். காலுறை மண் போகத் தொடங்கிய வருஷத்திலிருந்து பூஞ்சணம் பாதியாகக் குறைந்தது. ஊரில் பூனை வளர்க்காமல் பூனைமண் வாங்குகிறவள் அவள் ஒருத்தி.

ஜூன் நடுவில் ஒரு ஞாயிறு, வழிபாடு முடிந்ததும் அடித்தளத்தில் சோதனை நடக்கும். பதினாலு பேரும் சொந்தப் பெட்டியைக் கொண்டுவந்து திறந்து வைக்கவேண்டும். வெர்னா ஒவ்வொரு பெட்டி முன்னாலும் நின்று, கூடாததை எடுத்து நீள மேசையில் பரப்புவாள். பிறகு எல்லாரும் அந்த மேசையைச் சுற்றி நின்று காப்பி குடிப்பார்கள். யாரும் சிரிக்க மாட்டார்கள். பார்ப்பார்கள், அவ்வளவுதான். ஆசிரியை ஒருத்தியின் லேஸ் வைத்த உள்ளாடையைத் தூக்கிப் பிடித்து, "இது யாருக்கு?" என்று கேட்டவள் வெர்னா. அந்த ஆசிரியை அடுத்த வருஷம் வேறு ஊருக்கு மாற்றல் வாங்கிக்கொண்டாள். மனைவியை இழந்த விவசாயி ஆர்லன் முதல் தடவை கிளம்பியபோது, சட்டம் போட்ட அவளுடைய படத்தைச் சட்டைகளுக்கு நடுவில் வைத்திருந்தார். வெர்னா அதை எடுத்து, மேசையில் யாரோ பறிகொடுத்த ஹேர் டிரையருக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"கண்ணாடி உடையும், படம் பூஞ்சணம் பிடிக்கும்" என்றாள். "அவங்க முகம் மறந்து போயிடுமா உங்களுக்கு, பத்து நாள்ல?"

ஆர்லன் மறக்காது என்றார். படம் மேசையிலேயே இருந்தது. காப்பி குடித்தவர்களில் ஒருவர், நல்ல படம் என்றார்.

சோதனையின் இரண்டாம் பாகம் படிக்கட்டு. நாலு வருஷத்துக்கு முன்னால் அந்த மலைக்கிராமத்துப் பாலம் வெள்ளத்தில் போய்விட்டது. பதினாலு பேரும் சேற்றில் இரண்டு மைல் பைகளைத் தூக்கி நடந்தார்கள். ஒருவருக்கு முதுகு பிடித்துக்கொண்டு அவரையும் தூக்கவேண்டி வந்தது. அதன் பிறகு வெர்னா ஒரு விதி எழுதினாள். கித்தான் பை ஒவ்வொன்றும் சரியாக நாற்பது பவுண்டு. அதை யாரும் உதவாமல், நடுவில் கீழே வைக்காமல், அடித்தளத்திலிருந்து மேலே தூக்கிப் போகவேண்டும். மொத்தம் பதினாறு படி. முடியாதவர் வீட்டில் இருக்கலாம். பாஸ்டர் இதைக் கொஞ்சம் கடுமை என்று நினைத்தார். ஆனால் கையெழுத்துப் போட்டார். மூன்று வருஷமாக யாரும் தோற்றதில்லை.

டெல்லுக்கு இது பதினோராம் பயணம். கிராமத்தில் எர்மெலிண்டா என்று ஒருத்தி இருந்தாள். தையல்காரி, இவள் வயசுதான். ஒருத்தி பேசுவது மற்றவளுக்குப் புரியாது. பத்து வருஷமாக இருவரும் சேர்ந்து உட்கார்ந்து, மழை கொட்டக் கொட்டச் சட்டைகளுக்குப் பொத்தான் தைத்தார்கள். ஒவ்வொரு வருஷமும் டெல் அவளுக்கு முந்தினதைவிடக் கொஞ்சம் சக்தி கூடிய படிக்கும் கண்ணாடி ஒன்று கொண்டுபோவாள். ஊருக்குத் திரும்பியதும் அடுத்த ஜூனுக்கு நாள் எண்ண ஆரம்பித்துவிடுவாள். எழுபது வயசில் அப்படி எண்ணுவதற்கு ஏதாவது இருப்பது பெரிய விஷயம் என்பதை வெர்னா அறிவாள். அவளுக்கும் எழுபதுதான். அவள் எண்ணுவதற்குப் பைகள்தான் இருந்தன, அவையும் நாறிப்போய் வந்தவை.

ஏப்ரலில் அந்த அறிவிப்புத் தாளைப் பாஸ்டர் மேடையில் வாசித்தபோது எல்லாரும் கைதட்டினார்கள். வெப்பநாட்டு மழையில் பன்னிரண்டு ஆண்டு என்ற இடத்தில் ஒருவரும் தலை தூக்கவில்லை. அவள் போனதே இல்லை என்பது யாருக்கும் ஞாபகம் இல்லை. டெல்லுக்குமா? வெர்னா திரும்பிப் பார்த்தாள். டெல்தான் எல்லாரையும்விட உரக்கத் தட்டிக்கொண்டிருந்தாள்.

அடுத்த வாரம் வெர்னா இரண்டு ஊர் தள்ளி இருக்கும் அலுவலகத்தில் பாஸ்போர்ட்டுக்கு எழுதிக் கொடுத்தாள். ஊசிகளை அதற்கும் அப்பால் உள்ள மருத்துவரிடம் போட்டுக்கொண்டாள். செவ்வாயும் வியாழனும் தேவாலயம் காலியாக இருக்கும் காலை வேளையில் கித்தான் பை ஒன்றில் செங்கல் நிரப்பிப் பதினாறு படியும் ஏறி இறங்கினாள். இதையெல்லாம் செய்ய அவளுக்குக் கூச்சமாக இல்லை. 'நானும் வர்றேன்' என்று இரண்டு வார்த்தை சொல்வதற்குத்தான் கூச்சம்.

சோதனைக்கு முந்தின நாள் சனிக்கிழமை, வழக்கம்போலத் தனியாக உட்கார்ந்து பதினாலு பைகளையும் கட்டினாள். சோப்பு, பல்துலக்கி, குழந்தைச் சட்டை, கட்டுத்துணி, மேலே ஒரு காலுறை மண். பதின்மூன்று பை நாற்பதில் நின்றது. பதினாலாவதில் அடியில் இன்னும் ஏழு காலுறைகளை அடுக்கினாள். ஒவ்வொன்றும் இரண்டு பவுண்டு. பையின் வாயை இறுக்கிப் பூட்டுப் போட்டு, டெல் பெயர் எழுதிய அட்டையைத் தொங்கவிட்டாள். எழுத்து எப்போதும் போல அழகாக இருந்தது.

மறுநாள் காப்பி, கேக், மேசை எல்லாம் முறைப்படி நடந்தன. ஆர்லன் இந்த வருஷமும் ஜீன்ஸ் கொண்டுவந்து பறிகொடுத்தார். பாஸ்டரின் தோல் அட்டை வேதாகமம் மேசைக்குப் போனது. ரோமம் முளைத்த வசனத்தை யார் வாசிப்பது என்று கேட்டாள் வெர்னா. டெல்லின் பெட்டியில் எடுப்பதற்கு ஒன்றும் இல்லை. பத்து வருஷ அனுபவம். கண்ணாடியைக்கூடத் தகர டப்பாவில் வைத்திருந்தாள்.

பிறகு எடை. பழைய கிடங்குத் தராசுகளில் ஒன்றை வெர்னாவே தேவாலயத்துக்குக் கொடுத்திருந்தாள். அதன் முகம் எடைபோடுகிறவரைப் பார்த்துத்தான் இருக்கும். ஒவ்வொரு பையாக ஏற்றி அவள் எண் சொல்ல, மார்லிஸ் குறித்துக்கொண்டாள். நாற்பது. நாற்பது. நாற்பது. டெல்லின் பை ஏறியதும் முள் ஐம்பத்துநாலில் நின்றது.

"நாற்பது" என்றாள் வெர்னா.

மார்லிஸ் எழுதினாள்.

மற்றவர்கள் ஏறி முடித்துவிட்டு மேலே இருந்து எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். டெல் கடைசி. பட்டையைத் தோளில் மாட்டிக்கொண்டு, போன வருஷம் போலவே வலது காலை முதலில் வைத்தாள். நாலு படி சாதாரணமாகப் போனாள். ஆறாவதில் கைப்பிடியைப் பற்றினாள். எட்டாவதில் முகம் சிவந்து கழுத்து நரம்பு தெரிந்தது. ஒன்பதாவதில் நின்றாள். காலைத் தூக்கினாள், கால் படி வரைக்கும் எழும்பவில்லை. இன்னொரு தரம் முயன்றாள். பிறகு மெதுவாக, யாரோ உட்காரச் சொன்ன மாதிரி, படியில் உட்கார்ந்துவிட்டாள். பை அவள் மடியில் சரிந்தது.

விதிப்படி யாரும் உதவக் கூடாது. எல்லாரும் விதிப்படி நின்றார்கள். மேலே ஒருவர், இன்னும் ஒரு பானை காப்பி போடலாமா என்று பொதுவாகக் கேட்டார்.

டெல் கீழே திரும்பிப் பார்த்தாள். "என்ன எடைடி இது?"

"நாற்பது."

"போன வருஷம்?"

"அதே நாற்பதுதான். எல்லாருக்கும் ஒண்ணுதானே."

டெல் அதைக் கொஞ்ச நேரம் யோசித்தாள். வெர்னா பொய் சொல்வாள் என்பது அவள் யோசனையில் வரவே இல்லை. தராசு, பை, படி எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகத் தள்ளிவிட்டுப் பார்த்தால் மிஞ்சுவது ஒன்றுதான்.

"அப்போ நான்தான்" என்றாள்.

ஆர்லன் இறங்கி வந்து அவள் மடியிலிருந்து பையைத் தூக்கிக் கீழே கொண்டுவந்து வைத்தார். வாழ்நாள் முழுக்க ஐம்பது பவுண்டு தீவன மூட்டை தூக்கிய கை அது. வைத்துவிட்டு ஒரு நிமிஷம் பையையே பார்த்தார். பிறகு வெர்னாவைப் பார்த்தார்.

"நாற்பதா?"

"நாற்பது, ஆர்லன்."

அவருடைய மக்காச்சோளம் அத்தனையும் முப்பத்தேழு வருஷம் இவள் சொன்ன எண்ணில் விற்றது. இந்த எண் தப்பென்றால் அந்த எண்கள் என்ன ஆகும்? அத்தனை பழைய அறுவடைகளையும் தோண்டி எடுப்பதைவிடத் தன் கை தப்பு என்று வைத்துக்கொள்வது சுலபமாக இருந்தது. "சரி" என்று சொல்லிக் கையைப் பேன்ட்டில் துடைத்துக்கொண்டார்.

பாஸ்டர் டாட் டெல்லின் தோளைத் தொட்டு, கடவுள் மூடுகிற, திறக்கிற கதவுகளைப் பற்றி ஏதோ சொன்னார். டெல் தலையாட்டினாள். அழவில்லை, வெஸ்ட்பியில் அதற்கெல்லாம் வீடு இருக்கிறது. பாஸ்டருக்கு வேறு கவலையும் இருந்தது. பதினாலு டிக்கெட், பதினாலு கட்டில், அங்கே தைக்கவேண்டிய சட்டை மூட்டை. கிளம்ப இரண்டு வாரம் இருந்தது. சுற்றும் முற்றும் பார்த்தார். பழக்கத்தில் கேட்டார்.

"நீங்க வர்றீங்களா, வெர்னா?"

"வர்றேன்" என்றாள் வெர்னா.

மேலே யாரோ காப்பிக் கோப்பையைத் தட்டில் வைத்தார். முதல் கேள்விக்கே. ஒரு சம்பிரதாய மறுப்பு இல்லை, டெல்லைத் திரும்பிப் பார்ப்பது இல்லை, ஐயோ நானா என்பது இல்லை. நேராக, டெக்சாஸ்காரி மாதிரி.

"பாஸ்போர்ட்டெல்லாம் வேணுமே" என்றாள் மார்லிஸ்.

"இருக்கு."

"ஊசி?"

"போட்டாச்சு."

மார்லிஸ் பேனாவை மூடினாள். "முன்னேற்பாடா இருக்கிறது நல்லதுதான்" என்றாள். அந்த ஊரில் ஒருத்தியைப் பார்த்து இதைவிடக் கடுமையாகச் சொல்ல முடியாது.

விதி விதிதான் என்று பாஸ்டர் சிரித்துக்கொண்டே அவளையும் படி ஏறச் சொன்னார். கட்டி வைத்த பை ஒன்றுதான் கீழே மிச்சம் இருந்தது. வெர்னா அதைப் பார்த்தாள். வேறு பை கேட்கலாம். கேட்டால் ஏன் என்பார்கள். குனிந்து பட்டையை மாட்டி ஐம்பத்துநாலு பவுண்டையும் தூக்கினாள். செங்கல் தூக்கிய பழக்கம் கைகொடுத்தது. பத்தாம் படியில் கண் இருட்டியது, பதின்மூன்றில் முழங்காலில் ஏதோ சொடுக்கியது, நிற்கவில்லை. மேலே போய்ப் பையை இறக்கி வைத்தாள், எறியவில்லை. மூச்சை மூக்காலேயே விட்டாள்.

கீழே ஒன்பதாம் படிக்குப் பக்கத்தில் சுவரோடு ஒதுங்கி நின்ற டெல் முழுவதையும் பார்த்தாள். அதே பை, அதே படி, அதே எழுபது வயசு. அதற்கு முன்னால் கொஞ்சம் சந்தேகம் இருந்திருந்தாலும் இப்போது தீர்ந்தது. அவள்தான் முதலில் கைதட்டினாள்.

மறுநாள் காலை டெல் வெர்னாவின் வீட்டுக்கு வந்தாள். தன் மழைத் தொப்பி, ரப்பர் காலணி, கண்ணாடி இருந்த தகர டப்பா மூன்றையும் மேசையில் வைத்தாள்.

"காலணி உனக்குச் சரியா இருக்கும்" என்றாள். "எப்போ போச்சுன்னே தெரியலடி, அந்த பலம். போன மாசம்கூட உருளைக்கிழங்கு மூட்டை தூக்கினேன். போறது தெரியாமலே போயிடுது பாரு."

வெர்னா, அப்படித்தான் போகும் என்றாள். காப்பி வேண்டுமா என்று ஒரு தடவை கேட்டாள். டெல் வேண்டாம் என்றாள். வெர்னா மறுபடி கேட்கவில்லை.

டெல் கிளம்பும்போது கதவருகே நின்று டப்பாவைக் காட்டினாள். "எர்மெலிண்டாகிட்ட சொல்லு. என்னால முடியல, அதான் வரலன்னு சொல்லு. மறந்துட்டேன்னு நினைச்சுக்கப் போறா."

அன்றைக்கே வெர்னா பையைத் திறந்து ஏழு காலுறைகளையும் வெளியே எடுத்தாள். விமானத்தில் ஐம்பதுக்கு மேல் விடமாட்டார்கள்.

அந்தப் பயணம் அவள் வாழ்க்கையிலேயே நல்ல பத்து நாள். மலைகளுக்குப் பின்னாலிருந்து மத்தியானம் இரண்டு மணிக்கு மழை எழுந்து வந்தது, தகரக் கூரைமேல் கல் கொட்டுவது மாதிரி விழுந்தது, நாலரைக்கு நின்றது. பக்கத்தில் இருப்பவர் பேசுவது கேட்காது. வெர்னா முதல் நாள் வாசலில் நின்று நனைந்தாள். பட்டியலில் அவளே தடுத்திருந்த காரியம். நாற்றம் அவள் அறிந்ததுதான், ஆனால் இங்கே அது உயிரோடு இருந்தது. அவள் பையில் ஒரு துணிகூடப் பூஞ்சணம் பூக்கவில்லை. பாலம் புதிதாகக் கட்டியிருந்தார்கள். பைகளை லாரி வாசல்வரை கொண்டுவந்து இறக்கியது.

அந்த வருஷத்திலிருந்து அவளும் பதினாலு பேரில் ஒருத்தி. வெஸ்ட்பியில் அவளைப் பற்றி ஒரு பேச்சு நிலைத்துவிட்டது. மேசையில் அவமானப்படுத்தியதெல்லாம் அதில் இல்லை, அவை பொதுநன்மை. பாஸ்டர் கேட்டதுமே வர்றேன் என்று சொன்னாளே, அதுதான் பேச்சு. டெல் இன்னும் படியைவிட்டு இறங்கக்கூட இல்லை, அதற்குள் சொன்னாளே. மார்லிஸ் அவளுக்கு இரண்டாம் தடவை காப்பி ஊற்றுவதை நிறுத்திக்கொண்டாள். வெர்னாவுக்காகப் பரிந்து பேசியவள் டெல் ஒருத்திதான். யாராவது போகத்தானே வேணும், அவளாவது தூக்கினாளே என்பாள்.

டெல் இலையுதிர்காலத்தில் மாடி அறையிலிருந்து படுக்கையைக் கீழே இறக்கிப் போட்டாள். படி ஆபத்து என்று மகனிடம் அவளே சொன்னாள். அவன் ஆச்சரியப்பட்டான், ஆனால் ஒத்துக்கொண்டான். கிறிஸ்துமஸுக்குள் தோட்டத்தை உழுது புல் போட்டாயிற்று. மார்ச்சில் வீட்டை விற்று, முதியோருக்கான ஒற்றைத்தள இல்லத்தில் ஓர் அறைக்குப் போனாள். தூக்காததால் கை மெலிந்தது. நடக்காததால் கால் மெலிந்தது. இரண்டாவது வருஷத்தில் அவளால் உண்மையாகவே பதினெட்டு பவுண்டுகூடத் தூக்க முடியவில்லை. வெர்னா சொன்ன எடை ஒரு வழியாகச் சரியாகிவிட்டது.

ஆனால் அந்த முதல் பயணத்துக்கு வருவோம். குழு போய் இறங்கிய மறுநாள் காலை எர்மெலிண்டா வந்தாள். குள்ளமான பெண், கழுத்தில் அளவு நாடா, துணியில் சுற்றிய சூடான ரொட்டி கையில். இறங்கியவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தாள். லாரி ஓட்டும் தாரியோதான் மொழிபெயர்ப்பாளர்; அவனிடம் ஏதோ கேட்டாள்.

"தோன்யா டெலா, டெல் அம்மா எங்கன்னு கேக்குறாங்க" என்றான் தாரியோ.

வெர்னா பன்னிரண்டு வருஷம் இந்தக் கிராமத்துக்குப் பை கட்டியவள். இந்தப் பெண் போட்டிருக்கும் மேலாடைகூட அவள் மடித்து அனுப்பியதாக இருக்கலாம். பெயர் சொல்லி விசாரிக்கிற முதல் ஆள் டெல்லை விசாரித்தாள்.

"அவளுக்கு வர மனசில்ல. போதும்னுட்டா, அப்படிச் சொல்லு" என்றாள் வெர்னா.

தாரியோ சொன்னான். எர்மெலிண்டா புரியாத மாதிரி நின்றாள். ரொட்டியைக் கொடுத்துவிட்டுப் போனாள். மறுநாளும் வந்தாள், அதே கேள்வி. தாரியோ தவறாகச் சொல்லியிருப்பானோ என்ற சந்தேகம் அவளுக்கு. வெர்னா அதே பதிலைச் சொன்னாள். கடைசி நாள் காலையிலும் அவள் மழைக்கு முன்னால் வந்து கேட்டாள். டெல் கொடுத்த தகர டப்பா வெர்னாவின் பையிலேயே இருந்தது.

ஊர் திரும்பிய அன்று சாயங்காலம் வெர்னா வாசலில் டெல் காத்திருந்தாள். பயணம் எப்படி, பாலம் எப்படி என்று சுற்றி வளைத்துவிட்டு, கடைசியில், "எர்மெலிண்டா என்னைக் கேட்டாளாடி?" என்றாள்.

வெர்னா, இல்லை, கேட்கவில்லை என்றாள்.